பணிக்கூடத்தின் பனிக்காலம்: கச்சேரியும் கண்காட்சியும் ஒரு கூரைக்குள் வந்த வரலாறு

பிரெஞ்சுக் கலைஞர் டேனியல் பியூரன் ‘பணிக்கூடத்தின் செயற்பாடு’ என்னும் தம் கட்டுரைக்கு 1971 என்று தேதியிட்டிருக்கிறார். அது பலர் கைக்கு வந்தது 1979இல், ‘அக்டோபர்’ இதழின் பத்தாம் எண்ணில் ஆங்கிலத்தில் அச்சான பிறகுதான். சில பக்கங்களே உள்ள அக்கட்டுரை, கலைஞர் பணிபுரியும் இடத்தைப் பற்றிப் பின்னர் எழுத வந்தவர்கள் தாண்டிச் செல்ல முடியாத வாசற்படியாக நின்றுவிட்டது. பணிக்கூடம் தனியிடம், அருங்காட்சியகம் பொதுவிடம், படைப்பு முன்னதிலிருந்து பின்னதற்குச் செல்லும் வழியில் உயிரிழக்கிறது: இதுவே அதன் சாரம்.

இன்றைய சமகாலக் கலை அறக்கட்டளை ஒன்றின் குளிர்கால நிகழ்ச்சிநிரலை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மாலையில் கச்சேரி. வார இறுதியில், அங்கே தங்கிப் பணிபுரியும் கலைஞர்களின் கூடங்கள் பொதுமக்களுக்குத் திறந்திருக்கும். கீழ்த்தளத்தில் கண்காட்சி. பியூரனை அப்படியே ஏற்பவர் இதை ஒரு விதமாகத்தான் விளக்க முடியும்: படைப்புகளை எடுத்துக்கொண்டது போதாதென்று, நிறுவனம் கலைஞரின் தனிமையையும் எடுத்துக் காட்சிக்கு வைத்துவிட்டது, கச்சேரி கூட்டம் சேர்ப்பதற்கான ஒட்டு. இந்த விளக்கம் பிழையானது என்பது என் துணிபு. வரலாறு எதிர்த்திசையில் நடந்திருக்கிறது. கச்சேரி, திறந்த கூடம், கண்காட்சி மூன்றும் பணிக்கூடத்துக்குள்தான் முதலில் ஒன்றுசேர்ந்தன. அதுவும் பெரும்பாலும் குளிர்காலத்தில். அறக்கட்டளைகள் அந்த வழக்கத்தைப் பின்னால் பெற்றுக்கொண்டவை.

மறுப்பதற்கு முன் பியூரனின் வாதத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துச் சொல்வது கடமை. பணிக்கூடம் படைப்புக்கு அமையும் முதல் சட்டகம் என்கிறார் அவர். அது ஓரிடத்தில் நிலைத்திருக்கிறது. ஆனால் அங்கே உருவாவது எங்கும் எடுத்துச் செல்லத்தக்க பொருள். தான் பார்த்திராத சுவருக்காக, தான் அறியாத வெளிச்சத்துக்காக ஓவியர் வரைய வேண்டியிருக்கிறது. ஆகவே எந்த இடத்துக்கும் ஒத்துப்போகும்படி, எந்த இடத்துக்கும் உரியதாகாதபடி படைப்பு அமைந்துவிடுகிறது. பணிக்கூடத்துக்கு வருபவர் யார்? விமர்சகர், கண்காட்சி அமைப்பாளர், வணிகர். அவர்கள் பார்த்துப் பொறுக்கி எடுக்கிறார்கள். அவ்வகையில் அது தைத்து வைத்த ஆடைகளை அடுக்கிய கடையைப் போன்றது என்பது அவர் கருத்து. இளம்பருவத்தில், செசான் முதல் பிக்காசோ வரையிலான புரோவான்ஸ் ஓவியத்தைப் பற்றி ஆராயப் புறப்பட்டுப் பல ஓவியர்களின் கூடங்களுக்குச் சென்றதையும், அங்கே செறிவோடு தெரிந்த ஓவியங்கள் கண்காட்சியில் வெளிறிப்போனதைக் கண்டு ஏமாந்ததையும் நினைவுகூர்கிறார். அந்த ஏமாற்றத்திலிருந்துதான் அவருடைய வாழ்நாள் பணி கிளைத்தது. கூடத்தைக் கைவிட்டு, இடத்துக்கு இடம் அங்கங்கேயே வேலைசெய்பவரானார்.

அந்த வாதத்தில் இன்றும் அசையாமல் நிற்கும் பகுதி ஒன்று உண்டு. ஐரோப்பியக் கூடம், அமெரிக்கக் கூடம் என்று இரு வகைகளை அவர் பிரிக்கிறார். முன்னது பாரிஸ் மாதிரி: உயரம் மிக்கது, பகலொளியை நம்புவது. பின்னது பழைய தொழிற்கட்டடங்களின் மாடி: உயரம் குறைவு, பரப்பு மிகுதி, இரவும் பகலும் மின்னொளி. அமெரிக்க அருங்காட்சியகங்களிலும் அதே மின்னொளி, அதே பரப்பு. ஆதலால் அங்கே கூடத்துக்கும் காட்சியரங்குக்கும் இடைவெளி குறுகிவிட்டது என்று கவனிக்கிறார். கூர்மையான கவனிப்பு. ஆனால் விளக்கைப் பார்த்தவர் அந்த விளக்கின் கீழே கூடியிருந்தவர்களைப் பார்க்கவில்லை. ‘தனியிடம்’ என்று சொல்லும்போது அவர் மனத்தில் இருப்பது பொருள் உற்பத்தியாகும் இடம். அங்கே பொருள் மட்டுமா உற்பத்தியாயிற்று?

நியூயார்க்கின் 51, மேற்குப் பத்தாம் தெருவிலிருந்து தொடங்கலாம். ஜேம்ஸ் பூர்மன் ஜான்ஸ்டன் பணத்தில், ரிச்சர்ட் மாரிஸ் ஹன்ட் வரைபடத்தில், ஓவியர்களுக்கென்றே 1857இல் கட்டத் தொடங்கிய கட்டடம் அது. கண்ணாடிக் கூரையிட்ட நடுக்கூடம் ஒன்று. அதைச் சுற்றி இருபத்தைந்து பணிக்கூடங்கள். இந்த அமைப்புத் திட்டத்தையே ஒரு சான்றாக நான் கொள்கிறேன். பணிக்கூடம் இயல்பாகவே தனியிடம் என்றால், வாடகைக்கு விடக் கட்டப்பட்ட ஒரு கட்டடத்தின் நடுவே, வாடகை தராத ஒரு பொதுக்காட்சிக் கூடத்துக்கு ஏன் இடம் ஒதுக்க வேண்டும்? ஓவியர்களின் தனிக்கூடங்கள் அதை நோக்கித் திறந்தன. வரவேற்பு மாலைகளில் எல்லாக் கதவுகளும் திறந்திருக்கும். அழைப்பட்டை பெற்றவர்கள் அறை அறையாகச் சென்று முற்றுப்பெறாத வேலைகளையும் பார்ப்பார்கள்.

அந்த மாலைகள் குளிர்காலத்தில் அமைந்ததற்குக் காரணம் எளிது. அமெரிக்க நிலக்காட்சி ஓவியர்களுக்குக் கோடை என்பது பயணக் காலம். கேட்ஸ்கில் மலை, வெண்மலைத் தொடர், நியூபோர்ட் கரை என்று அலைந்து சிறு வரைவுகளைச் சேர்ப்பார்கள். இலையுதிர்ந்ததும் நகரம் திரும்புவார்கள். சட்டத்தில் பெரிய துணியை ஏற்றி அந்த வரைவுகளை ஓவியமாக்குவது குளிர்கால வேலை. வாங்கக்கூடிய செல்வரும் அப்போதுதான் நகரில் இருப்பார்கள். இளவேனிலில் தேசிய வடிவமைப்புக் கழகத்தின் ஆண்டுக் கண்காட்சி. ஆக, கோடைப் பயணத்துக்கும் இளவேனில் கண்காட்சிக்கும் நடுவே கிடக்கும் நீண்ட இருட்டு மாதங்களை நிரப்பியவை திறந்த கூடங்கள். இன்றைய நிறுவனங்களின் குளிர்காலப் பருவத்துக்கு இந்த வேலைநாள்காட்டியே அடிப்படை.

பியூரன் தரப்பிலிருந்து எழக்கூடிய பதில் தெரிந்ததுதான்: இது கடை அல்லாமல் வேறென்ன? ஃபிரெடெரிக் சர்ச் தம் ‘ஆண்டீஸின் இதயம்’ ஓவியத்தை 1859 இளவேனிலில் இக்கட்டடத்தில் காட்சிக்கு வைத்தபோது நுழைவுக் கட்டணம் 25 சென்ட். பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர். திரைச்சீலை போட்டு, சன்னல் போன்ற கனத்த மரச்சட்டத்துக்குள், அகலம் மூன்று மீட்டரை எட்டும் அந்த ஓவியத்தை வைத்து, எதிரே பெஞ்சுகளைப் போட்டிருந்தார். கையில் நாடகக் கண்ணாடியோடு பார்த்தார்கள். ஓவியம் 10,000 டாலருக்கு விற்றது. வணிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பன்னிரண்டாயிரவரில் வாங்கியவர் ஒருவர். மற்றவர்கள் உட்கார்ந்து, பார்த்து, எழுந்து போனவர்கள். பியூரனின் கணக்கில் அவர்களுக்கு இடமே இல்லை. பணிக்கூடத்துக்கு வருபவர் என்றாலே பொறுக்குபவர் என்று அவர் எடுத்துக்கொண்டதால் வந்த குறை அது.

லண்டனில் இதைவிடத் தெளிவான சான்று கிடைக்கிறது. ஹாலண்ட் பார்க் சாலையில் ஃபிரெடெரிக் லெய்ட்டன், ஜார்ஜ் எய்ச்சிசனைக் கொண்டு 1860களின் நடுவில் கட்டத் தொடங்கிய வீட்டில், விருந்தினர் தங்க ஓர் அறைகூடக் கிடையாது. அவருக்கு மட்டும் எளிய படுக்கையறை ஒன்று. மாடியில் பெரும்பகுதி பணிக்கூடமே. அரச கலைக்கழகத்துக்கு ஓவியங்களை அனுப்பும் நாள் நெருங்கும்போது, முடிந்த படங்களைச் சுற்றி நிறுத்தி அங்கே ஆண்டுதோறும் இசை விருந்து நடத்துவார். வயலின் கலைஞர் யோசஃப் யோவாகிம், பியானோ கலைஞர் சார்லஸ் ஹாலே போன்றவர்கள் வாசித்தார்கள். பிறகு 1889–90இல், லண்டன் மூடுபனியிலும் வேலை தடைபடாமலிருக்க, இரும்புத் தூண்கள்மேல் கண்ணாடியால் ஒரு குளிர்காலக் கூடத்தையும் சேர்த்துக் கட்டினார். அந்த இசை விருந்துகள் நடந்தவை, கண்காட்சிக்குப் போகும் முன் ஓவியம் தன் இடத்தில் இருக்கும் கடைசி நாள்கள். இசை அந்த நாள்களுக்காக ஏற்பாடாயிற்று. கூடத்திலிருந்து வெளியேறும் படைப்பு எதையோ இழக்கிறது என்பதைப் பியூரனுக்கு எண்பது ஆண்டு முன்பே லெய்ட்டன் உணர்ந்திருந்தார் என்றே இதைப் படிக்கத் தோன்றுகிறது. துயரப்படுவதற்குப் பதில் கதவைத் திறந்து, இழப்பதற்கு முன் வந்து பாருங்கள் என்றார்.

இனி வருவது இக்கட்டுரையின் மெல்லிய இழை. சான்று குறைவான இடம் என்பதால்தான் சற்று அழுத்தியே வாதிட வேண்டியிருக்கிறது.

பத்தாம் தெருக் கட்டடத்தின் நடுக்கூடத்தை 1870களின் இறுதியில் வில்லியம் மெரிட் சேஸ் தம் பணிக்கூடமாக்கிக்கொண்டார். கம்பளம், பித்தளை, பட்டு, பழைய இசைக்கருவிகள் என்று நிறைத்தார். சனிக்கிழமைகளில் அங்கே பார்வையாளர்கள் வருவார்கள். 1890இல் ஸ்பானிய நடனக்காரி கார்மென்சிட்டா அக்கூடத்தில் ஆடினார். ஏற்பாடு செய்தவர் ஜான் சிங்கர் சார்ஜென்ட்; இடம் கொடுத்தவர் சேஸ்; யாருக்காக என்றால், பாஸ்டனிலிருந்து வந்திருந்த இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னருக்காக. சேஸ், சார்ஜென்ட் இருவருமே அந்த ஆண்டு கார்மென்சிட்டாவை வரைந்தார்கள்.

பதின்மூன்று ஆண்டு கழித்து, 1903 சனவரி முதல் நாள் இரவு, அதே கார்ட்னர் தம் ஃபென்வே கோர்ட் மாளிகையைத் திறந்துவைத்தார். அன்றைய நிரலைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். வந்தவர்கள் முதலில் இசைக்கூடத்துக்குள் விடப்பட்டார்கள். வில்ஹெல்ம் கெரிக்கே நடத்த, பாஸ்டன் சிம்ஃபனி இசைக்குழுவினர் வாசித்தனர். வாசிப்பு முடிந்த பிறகே கண்ணாடி பதித்த கதவு விலகியது. அப்பால், சனவரிக் குளிரில், விளக்குகளும் மலர்களுமாக உள்முற்றம். அதைச் சுற்றிய அறைகளில் ஓவியங்கள். காது நிறைந்த பிறகுதான் கண்ணுக்கு அனுமதி. அதே ஆண்டு சார்ஜென்ட், மாளிகையின் காதிக் அறையைப் பணிக்கூடமாக்கிக்கொண்டு, ஃபிஸ்க் வாரன் அம்மையாரையும் மகளையும் அங்கே வரைந்தார். ஒரே கூரையின் கீழ் கச்சேரி, வேலை நடக்கும் கூடம், பொதுமக்களுக்குக் குறித்த நாள்களில் திறந்திருக்கும் காட்சியறைகள். இன்றைய அறக்கட்டளையின் மூன்று உறுப்புகளும் 1903இலேயே பாஸ்டனில் இருந்தன.

இதற்கு எதிராகச் சொல்லத்தக்கவை இரண்டு. ஒன்று: கார்ட்னர் அதற்கு முன்பே தம் பீக்கன் தெரு வீட்டில் கச்சேரி வைத்துக்கொண்டிருந்தவர், எனவே ஃபென்வே கோர்ட்டின் இசை, செல்வர் வீட்டுக் கூடத்து வழக்கத்தின் நீட்சியே, பணிக்கூடத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பது. இரண்டு: காதிக் அறை கார்ட்னர் வாழ்ந்தவரை பொதுமக்களுக்கு மூடியே இருந்தது, எனவே அதைத் திறந்த கூடம் என்பது மிகை. இரண்டாவதை ஏற்கிறேன். அங்கே கூடம் இருந்தது, திறக்கவில்லை. முதலாவதை ஏற்க முடியவில்லை. வீட்டுக் கச்சேரியில் சுவர்ப்படம் அலங்காரம். வந்தவர் அதைப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் மாலையின் அமைப்பு மாறாது. கேட்பதிலிருந்து பார்ப்பதற்கு மக்களை வழிநடத்திக் கொண்டுபோகும் ஒழுங்கு பணிக்கூட மாலைக்கே உரியது. கார்ட்னர் அந்த ஒழுங்கைச் சேஸின் கூடத்தில் நேரில் கண்டிருந்தார். 1914இல் அவரே இசைக்கூடத்தை இடித்துப் பிரித்து, கீழ்த்தளத்தில் ஸ்பானியத் தாழ்வாரத்தைக் கட்டி, அதன் கோடியில் சார்ஜென்ட்டின் ‘எல் ஹலேயோ’வைத் தொங்கவிட்டார். ஆடும் பெண்ணும் பின்னால் வரிசையாக உட்கார்ந்த கிதார்க்காரர்களும் உள்ள பேரோவியம் அது. கச்சேரி நடந்த இடத்தையே இடித்து, நடனக் கச்சேரியின் ஓவியத்துக்கு இடம் தந்தது தற்செயலாக நேர்ந்திருக்கலாம். கார்மென்சிட்டா ஆடிய இரவை அறிந்தவருக்கு அப்படி நம்புவது கடினம்.

மீண்டும் பியூரனுக்கு வருகிறேன். தம் விதிக்கு ஒருவரை அவரே விலக்காகக் காட்டுகிறார்: கான்ஸ்டன்டின் பிரான்குசி. 1956இல் எழுதிய உயிலில், தம் பணிக்கூடத்தை அதிலுள்ள அனைத்தோடும் பிரெஞ்சு அரசுக்கு விட்டுச் சென்றவர். மறு ஆண்டு மார்ச்சில் இறந்தார். சிற்பங்களுக்கிடையிலான உறவைச் சிதறவிடாமல் காத்தார், அருங்காட்சியகத்தின் ஒழுங்குக்கு அவற்றைப் பணிய விடவில்லை என்று பியூரன் பாராட்டுகிறார். பாராட்டு நியாயமானது. ஆனால் அந்த விலக்கே அவர் விதியின் ஓட்டையையும் காட்டிவிடுகிறது.

இம்பாஸ் ரோன்சென் சந்திலிருந்த அக்கூடம், பிரான்குசி வாழ்ந்த காலத்தில் சிற்பங்கள் மௌனமாக நிற்கும் இடமாக மட்டும் இருந்ததில்லை. எரிக் சத்தி அவருடைய நெருங்கிய நண்பர். இசைத்தட்டுகளைப் பெருந்தொகையாகச் சேர்த்தவர், தட்டுகளை ஒலிக்கச் செய்யும் கருவியைத் தாமே செய்துகொண்டவர் பிரான்குசி. 1922இல் ருமேனிய நடனக் கலைஞர் லிசிக்கா கோத்ரியானு, பிரான்குசி வடிவமைத்த ஆடையை அணிந்து, சத்தியின் ‘ஜிம்னோபெடி’ இசைக்கு அந்தக் கூடத்தில், சிற்பங்களின் நடுவே ஆடினார். பிரான்குசி எடுத்த ஒளிப்படங்கள் இருக்கின்றன. அவற்றில் கூம்பு வடிவத் தலையணியும் கோணலான மடிப்புகளும் கொண்ட ஆடையில் அவரது உடல், பக்கத்தில் நிற்கும் கல், மர வடிவங்களோடு ஒரே வரிசையில் சேர்ந்துகொள்கிறது. ஆடுபவர் யார், சிற்பம் எது என்று அந்தச் சில படங்கள் பிரித்துச் சொல்ல மறுக்கின்றன. பிரான்குசி காக்க நினைத்த உறவில் இந்த நடனமும் அடங்கும் என்பது என் வாதம். சில ஒளிப்படங்களிலிருந்து இவ்வளவு பெரிய முடிவுக்கு வரலாமா என்று கேட்கலாம். சிற்பங்களை இடம் மாற்றி மாற்றிக் கூட்டமைத்து, அதைத் தாமே படமெடுத்த ஒருவர், அதே காமிராவால், அதே இடத்தில் இதையும் எடுத்திருக்கிறார் என்பதே என் விடை. அவருக்கு இரண்டும் ஒரே வேலை.

அவருக்குப் பிறகு அக்கூடம் என்ன ஆயிற்று? 1962இல் தேசிய நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குள் ஒரு பகுதி மீட்டமைக்கப்பட்டது; பியூரன் எழுதியபோது இருந்தது அதுதான். 1977இல் பொம்பிடூ மையத்தின் எதிரே மறுபடி கட்டினார்கள். 1990இல் வெள்ளத்தால் மூடினார்கள். 1997இல் ரென்சோ பியானோ வடிவமைத்த கட்டடத்தில் மீண்டும் திறந்தார்கள். அங்கே பார்வையாளர் கண்ணாடிச் சுவருக்கு வெளியே சுற்றி வந்து உள்ளே பார்த்தார். உளிகள் இருந்தன, சிற்பங்கள் இருந்தன. காலடிக்குத்தான் இடம் இருக்கவில்லை. பொருள்களுக்கிடையே உள்ள உறவு மட்டுமே பணிக்கூடம் என்று கொண்டால், இது முழுமையான பாதுகாப்பு. பியூரனின் வரையறையை அப்படியே கட்டடமாக்கினால் கிடைப்பது இந்தக் கண்ணாடிதான்.

அடுத்தது அமெரிக்கக் கூடம். பியூரன் மின்னொளியைக் கண்ட அதே மாடிகள். 1960 டிசம்பர் 18, 19 நாள்களில், நியூயார்க் சேம்பர்ஸ் தெரு 112ஆம் எண் கட்டடத்தின் மேல்மாடியில், டெர்ரி ஜென்னிங்ஸின் இசை ஒலித்தது. அதற்கு ஒரு வாரம் முன்புதான் பெரும் பனிப்புயல் ஒன்று நகரத்தை மூடியிருந்தது. மாடி யோகோ ஓனோவுடையது; மாத வாடகை 50 டாலர் 50 சென்ட். நாற்காலி இல்லாததால் ஆரஞ்சுப் பழப் பெட்டிகளில் உட்கார்ந்தார்கள். அன்று தொடங்கிய தொடர் 1961 சூன் வரை நீண்டது: தொஷி இச்சியானகி, ஹென்றி ஃபிளின்ட், ஜோசஃப் பர்ட், ஜாக்சன் மக் லோ, லா மான்டி யங், சிமோன் ஃபோர்ட்டி, ராபர்ட் மாரிஸ். ஜான் கேஜ் வந்தார். ஒருமுறை மார்செல் துஷாம், மாக்ஸ் எர்ன்ஸ்ட், பெக்கி குகன்ஹைம் மூவரும் வந்தனர். தொடரை நடத்தியவர் ஓனோவா, யங்கா, இருவருமா என்பதில் பங்கேற்றவர்களின் நினைவுகள் முரண்படுகின்றன. இடம் கொடுத்தவர் என்று மட்டும் ஓனோவைச் சொல்லி ஒதுக்கிய பழைய எழுத்துகள் அவருக்கு அநியாயம் செய்தன என்பதில் எனக்கு ஐயமில்லை. இடத்தைப் பற்றிய வரலாற்றில் இடம் கொடுத்தவர் எப்படிச் சிறியவராவார்?

இத்தொடருக்குள்தான் கச்சேரி கண்காட்சியாக மாறுவதைக் கண்முன் பார்க்க முடிகிறது. மே மாதம் ஃபோர்ட்டி தம் ‘நடனக் கட்டுமானங்க’ளை வைத்தார். 45 பாகையில் சாய்த்த பலகையில் கயிற்றைப் பற்றி ஏறி இறங்குபவர்கள் ஒரு மூலையில். ஒருவரையொருவர் இறுகப் பிணைத்துக்கொண்டு குவியலாக நின்று, ஒவ்வொருவராக அந்தக் குவியலின் மேல் ஏறிக் கடப்பவர்கள் இன்னொரு பக்கம். பார்ப்பவர்கள் சிற்பத்தைச் சுற்றுவதுபோல் இவர்களைச் சுற்றி நடந்தார்கள். ஓனோ தரையில் விரித்த, மிதிப்பதற்கான ஓவியமும் இக்காலத்ததே. அதற்கு 1960 என்றும் 1961 என்றும் இரு ஆண்டுகளைச் சேர்த்தே தேதியிடுகிறார்கள். 1961 சூலையில் ஏ.ஜி. காட்சியகத்தில் அவருடைய ஓவியங்கள் காட்சிக்கு வந்தது உறுதி. கூடத்தில் அது எந்த மாலையில் முதலில் மிதிபட்டது என்பதை முடிவுகட்டச் சான்று போதாது. அந்த ஐயத்தை ஐயமாகவே விடுகிறேன். கால்பட்ட இடம் முதலில் பணிக்கூடம், அதன் பிறகே காட்சியகம் என்பது மட்டும் என் வாதத்துக்குப் போதும்.

சூன் தொடக்கத்தில் மாரிஸ் மாடியின் வாசலிலிருந்தே சாம்பல் நிற ஒட்டுப்பலகையால் வளைந்து குறுகும் நடைபாதை ஒன்றைக் கட்டினார். கதவைத் திறந்து வந்தவர்கள் நிகழ்ச்சியைத் தேடி உள்ளே போகப் போக, பாதை ஒடுங்கி எங்கும் சேராமல் முடிந்தது. வந்தவர்களில் சிலர் எரிச்சலில் அந்தச் சுவரிலேயே எழுதிவிட்டுத் திரும்பினார்கள். நடனக் கலைஞர் இவான் ரெய்னர் மாரிஸின் பெயர் சொல்லி ஒரு வசவை எழுதியதைத் தாமே பின்னாளில் ஒப்புக்கொண்டிருக்கிறார். பொறுக்க வந்த வணிகர் யாரும் கூடத்துச் சுவரில் திட்டி எழுத மாட்டார். இது தனக்கும் உரிமையுள்ள இடம் என்று நினைப்பவர்தான் எழுதுவார்.

இதே நகரில், இதே ஆண்டில் தோன்றிய இன்னோர் எழுத்தை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். தொழிற்கட்டட மாடிகளில் குடியிருப்பது அப்போது சட்டத்துக்குப் புறம்பு. தீயணைப்புத் துறையின் சோதனைகளால் பல ஓவியர்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஓவியர் குடியிருப்போர் சங்கம் 1961இல், தீர்வு கிடைக்காவிட்டால் நகரத்துக் கண்காட்சிகளில் படைப்புகளை வைக்க மாட்டோம் என்று எச்சரித்தது. மேயர் ராபர்ட் வாக்னரின் நிர்வாகம் இறங்கிவந்தது. ஓவியர்கள் மாடியில் குடியிருக்கலாம். ஆனால் கட்டடத்தின் தெருவாசலில் ‘ஏ.ஐ.ஆர்.’ என்ற எழுத்துகளோடு எந்த மாடி என்பதையும் குறித்துப் பலகை வைக்க வேண்டும். ஓவியர் இங்கே வசிக்கிறார் என்பதன் சுருக்கம் அது. தீப்பற்றினால் எந்த மாடியில் ஆள் இருக்கிறது என்று தீயணைப்பு வீரருக்குத் தெரிய வேண்டுமே.

இச்சிறு பலகையைக் கலை வரலாறு பெரும்பாலும் வீட்டுவசதிச் சட்டத்தின் அடிக்குறிப்பாகவே கடந்துபோகிறது. எனக்கு இது பணிக்கூடத்தைப் பற்றிய அடிப்படை ஆவணம். அதில் ஓவியர் பெயர் இல்லை. விற்பனைக்கு அழைப்பில்லை. உள்ளே ஓர் உடல் இருக்கிறது, இத்தனையாவது மாடியில் இருக்கிறது என்ற செய்தி மட்டும் தெருவைப் பார்த்து நிற்கிறது. பியூரன் தேதியிட்ட 1971இல், சோஹோ வட்டாரத்தில் ஓவியர் குடியிருப்பை நகரம் முறைப்படி ஏற்றுக்கொண்டுவிட்டது. அதற்குள் பத்தாண்டாக இந்தப் பலகைகள் வாசல்களில் தொங்கிக்கொண்டிருந்தன. அமெரிக்கக் கூடத்தின் விளக்கை அவ்வளவு நுட்பமாக விவரித்தவர் தனியிடம் என்று எழுதிய இடங்களின் வாசலில், நகராட்சி அவற்றின் பொதுத்தன்மையை எழுதிவைத்திருந்தது. பலகை ஒப்பந்தம் சேம்பர்ஸ் தெருத் தொடர் முடிந்த பிறகு வந்தது. எனவே அத்தொடருக்கும் பலகைக்கும் நேர்த்தொடர்பு கற்பிக்கக் காலம் ஒத்துவராது. கூட்டம் முதலில், பலகை பிறகு. ஆனால் கண்காட்சியை மறுப்போம் என்ற மிரட்டலால் குடியிருக்கும் உரிமை கிடைத்தது என்பதைக் கவனிக்க வேண்டும். வசிப்பதும் வேலைசெய்வதும் காட்டுவதும் ஒரே கயிற்றின் புரிகள் என்று அந்த ஓவியர்கள் அறிந்திருந்தார்கள். நகரமும் அதை ஒத்துக்கொண்டது.

இங்கிருந்து அறக்கட்டளைக்கு வழி நீளமானதல்ல. 1974இல் ஹெய்னர் ஃபிரீட்ரிச், ஃபிலிப்பா டி மெனில், ஹெலன் விங்க்லர் ஆகியோர் தியா கலை அறக்கட்டளையை நிறுவினார்கள். அது 1979இல் ஹாரிசன் தெரு 6ஆம் எண்ணிலுள்ள பழைய வணிகச் சந்தைக் கட்டடத்தை லா மான்டி யங், மரியன் சசீலா இணையரின் ‘டிரீம் ஹவுஸ்’ படைப்புக்கு ஒதுக்கியது. இடைவிடாத ஒலி, நிற ஒளி, கச்சேரி, குடியிருப்பு எல்லாம் ஒரே கட்டடத்தில். அவர்களுடைய குரு கிரானா கரானாவைச் சேர்ந்த பண்டிட் பிரான் நாத். இரவு முழுக்க ஒரு சுருதியில் உட்கார்ந்து கேட்கும் பழக்கம் அவர்வழி அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தது. 1980களின் நடுவில் எண்ணெய்த் தொழிலோடு பிணைந்த பங்குகளின் விலை விழ, தியாவின் கை சுருங்கியது. ஹாரிசன் தெரு கைவிட்டுப் போனது. யங், சசீலா தம் பழைய குடியிருப்பான சர்ச் தெரு 275ஆம் எண்ணுக்கே திரும்பி, 1993 முதல் அங்கேயே மேலா அறக்கட்டளையின் பெயரில் டிரீம் ஹவுஸை நடத்தினார்கள். சேம்பர்ஸ் தெருவிலிருந்து நடந்தே போகலாம். பெரிய அறக்கட்டளை எடுத்து வளர்த்ததும், அது விழுந்தபோது தாங்கிக்கொண்டதும், வீடும் கூடமுமான அதே மாடிதான். நிறுவனம் பணிக்கூடத்தை விழுங்கியது என்ற வாசிப்புக்கு இந்த நிகழ்வு சற்றும் இடம் தரவில்லை.

பாஸ்டன் கதைக்கும் ஒரு தொடர்ச்சி உண்டு. ஃபென்வே கோர்ட்டில் இயங்கும் கார்ட்னர் அருங்காட்சியகம் 1992இல் கலைஞர்களைத் தங்கவைத்துப் பணிபுரியச் செய்யும் திட்டத்தைத் தொடங்கியது. 2012 சனவரியில் ரென்சோ பியானோ வடிவமைத்த புதிய பகுதி திறந்தது. அதில் கால்டர்வுட் இசைக்கூடம். மாறும் கண்காட்சிகளுக்கு ஓர் அரங்கு. தங்கும் கலைஞர்களுக்குக் குடியிருப்பு. 1914இல் இடிபட்ட இசைக்கூடம் ஏறக்குறைய நூறாண்டு கழித்து, மறுபடி ஒரு சனவரியில் மீண்டிருக்கிறது. பாரிசில் பிரான்குசிக்குக் கண்ணாடிச் சுவரிட்ட அதே கட்டடக் கலைஞர், பாஸ்டனில் பார்வையாளர்களை இசையின் நாற்புறமும் அடுக்கடுக்காக உட்காரவைத்தார். முன்னதில் அவருக்குக் கிடைத்தது பொருள்களைக் காக்கச் சொன்ன உயில். பின்னதில், காட்சியறைகளில் எதையும் இடம்மாற்றக் கூடாது என்ற கார்ட்னரின் உயில் இருந்தும், கச்சேரியும் கலைஞரும் அதற்கு வெளியே நின்றார்கள். உயில் அவர்களைக் கட்டவில்லை. ஆகவே அங்கே புதிதாகக் கட்ட முடிந்தது.

பியூரனிடம் இன்னும் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. அறக்கட்டளையின் திறந்த கூடம், தேர்வுக்குழு வழியே வந்த கலைஞருடையது. சில மாதத்தில் காலிசெய்ய வேண்டியது. திறக்கும் நாளை முடிவுசெய்வது அலுவலகம். சேம்பர்ஸ் தெருவில் அந்த நாளை முடிவுசெய்தது வாடகை கொடுத்தவர். சுவரில் திட்டி எழுத இன்று ஒருவர் துணிந்தால் காவலர் வந்துவிடுவார். இந்த இடைவெளி உண்மையானது, பெரியது. இதை அளக்கப் பியூரனின் அளவுகோல் இன்றும் உதவும். ஆனால் அதை எதனோடு ஒப்பிட்டு அளக்கிறோம் என்பதில்தான் அவரோடு என் வேறுபாடு நிற்கிறது. மூடிய கதவுக்குப் பின்னாலிருந்த தனியோவியரோடு ஒப்பிடுவதை விட்டு, பத்தாம் தெருவின் நடுக்கூடத்தோடும், லெய்ட்டன் வீட்டு இசை மாலையோடும், 112ஆம் எண்ணின் பழப்பெட்டிகளோடும் இன்றைய அறக்கட்டளையை ஒப்பிட வேண்டும்.